கீமோவில் சாகாமல் உட்கார்ந்துவிடும் ‘ஜாம்பி’ செல்கள்: சினைப்பைப் புற்றுநோய் திரும்ப வருவது ஏன்?

திருத்தணியில் ஒரு பெண்ணுக்குச் சினைப்பையில், அதாவது ஓவரியில், புற்றுநோய் என்று தெரிந்தால் அடுத்த சில மாதங்கள் பயணத்திலேயே போகும். சிலர் அரக்கோணம் வழியாக ரயிலில் சென்னைக்கு வந்து, 1954-ல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ அரசு மருத்துவமனைக்கோ போவார்கள். சிலர் வேலூர், இன்னும் சிலர் எல்லை தாண்டித் திருப்பதி. எங்கே போனாலும் அடிப்படை சிகிச்சை ஒன்றுதான்: அறுவை சிகிச்சை, கூடவே கார்போபிளாட்டின், பாக்ளிடாக்செல் கீமோ.

ஸ்கேன் ‘கிளியர்’ என்று வரும். வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். ஆனால், முற்றிய நிலையில் நோய் கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு அது சில ஆண்டுகளில் திரும்பி வந்துவிடுகிறது. 2022-ல் இந்தியாவில் சுமார் 47,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், சுமார் 33,000 பேர் இதனால் இறந்ததாகவும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டிருக்கிறது.

அழிந்ததாக நினைத்த நோய் எங்கிருந்து திரும்புகிறது? பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்றுதான் இந்த ‘ஜாம்பி’ செல்கள்.

படியில் உட்கார்ந்த கூட்டம்

டிசம்பர் 31 படித்திருவிழா அன்று திருத்தணி மலையின் 365 படிகளை நினைத்துப் பாருங்கள். மேலே ஏற முடியாமல், கீழேயும் இறங்காமல் சிலர் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். கீமோவில் அடிபட்ட சில புற்றுநோய் செல்களும் அப்படித்தான். சாவதில்லை, பெருகுவதுமில்லை. இதற்கு ‘செல் முதுமை’ என்று பெயர். செல்கள் இப்படி நின்றுபோகும் என்பதை 1961-லேயே லியோனார்டு ஹேஃப்ளிக், பால் மூர்ஹெட் இருவரும் எழுதிவிட்டார்கள்.

சும்மா உட்கார்ந்தால் பரவாயில்லை. இவை அழற்சியைத் தூண்டும் ரசாயனங்களைச் சுற்றிலும் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்துச் செல்கள் அதனால் கெடலாம். அதைவிடப் பெரிய தலைவலி: சிலது எழுந்து மறுபடி படியேற ஆரம்பித்துவிடும்!

இரண்டாவது அடி

கனடாவின் மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் 2019-ல் இதைத்தான் காட்டினார்கள். ஓலாபரிப் மாத்திரை சினைப்பைப் புற்றுநோய் செல்களை முதுமை போன்ற நிலைக்குத் தள்ளியது. மருந்தை நிறுத்தியதும் அவை மீண்டும் பெருகின. ஆனால், மாத்திரையோடு நாவிடோகிளாக்ஸ் போன்ற மருந்தைச் சேர்த்தபோது, உட்கார்ந்திருந்த செல்கள் செத்தன. முதல் மருந்து உட்காரவைக்கும், இரண்டாவது தீர்த்துக்கட்டும். முதுமைச் செல்களை மட்டும் குறிவைக்கும் இந்த வகை மருந்துகளுக்கு ‘செனோலிட்டிக்’ என்று பெயர்.

இது ஆய்வகத்திலும் எலிகளிலும் கிடைத்த வெற்றி. மனிதர்களிடம் கதை அவ்வளவு சுலபமில்லை. முதுமைச் செல்கள் உயிர்பிழைக்க நம்பியிருக்கும் பிசிஎல்-எக்ஸ்எல் என்ற புரதத்தைத்தான் நாவிடோகிளாக்ஸ் முடக்குகிறது. ரத்தத் தட்டணுக்களும் அதே புரதத்தை நம்பித்தான் வாழ்கின்றன! கார்போபிளாட்டின் ஏற்கெனவே தட்டணுக்களைக் குறைக்கும் மருந்து. அதன்மேல் இதுவும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து. பிரான்ஸில், பிளாட்டினம் வகை மருந்துக்குக் கட்டுப்படாத சினைப்பைப் புற்றுநோய் நோயாளிகளுக்கு நாவிடோகிளாக்ஸை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் சொற்பம்தான்.

கேப்ஸ்யூல் வாங்கலாமா?

இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். குவெர்செடின் என்ற தாவரப் பொருள், டசாடினிப் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்தோடு சேர்ந்து முதுமைச் செல்களைக் கொன்றதாக 2015-ல் ஆய்வு வெளியானது. உடனே குவெர்செடின் கேப்ஸ்யூல்கள் ‘இளமை திரும்பும்’ என்று ஆன்லைனில் வர ஆரம்பித்துவிட்டன. ஊரில் கீமோ எடுக்கும் அம்மாவுக்கு ஒரு பாட்டில் ஆர்டர் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். சினைப்பைப் புற்றுநோய்க்கு எந்தச் செனோலிட்டிக்கும் இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. ஓலாபரிப் எடுப்பவர்கள் கிரேப்ஃப்ரூட் ஜூஸைக்கூடத் தவிர்க்க வேண்டும் என்பது அந்த மருந்தின் எச்சரிக்கை. அது உடலில் மருந்தின் அளவையே ஏற்றிவிடும். எந்த சப்ளிமென்ட் என்றாலும் முதலில் கீமோ கொடுக்கும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அட, சின்ன வெங்காயத்திலும் முருங்கைக்கீரையிலும்கூட குவெர்செடின் இருக்கிறதே? இருக்கிறது. அவற்றைச் சமைத்துச் சாப்பிடுவது சாப்பாடு, மருந்து அல்ல.

டாக்டரிடம் இப்போதே கேட்க வேண்டியது வேறு: பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை செய்தாச்சா? ஓலாபரிப் யாருக்கு அதிகம் பலன் தரும் என்பதை அதுதான் காட்டும். மகளுக்கும் சகோதரிக்கும் ஆபத்து இருக்கக்கூடுமா என்பதற்கும் அதே பரிசோதனை துப்புக் கொடுக்கும்.