பர்மா தேக்கு என்கிறார்களே, எந்த ஊர் மரம்?

சேலம்,

வீடு கட்டுகிறவர்கள் செங்கல்லுக்குக் கணக்குப் பார்ப்பார்கள். சிமெண்டுக்குப் பேரம் பேசுவார்கள். தலைவாசல் நிலைக்கு மட்டும் கை தாராளமாகிவிடும்.

"ஆயுசுக்கும் நிற்கிறது, பர்மா தேக்கே போட்டுடலாம்" என்று வீட்டில் ஒருவர் சொல்லிவிட்டால் போதும். கடன் வாங்கியாவது போட்டுவிடுவார்கள்.

மரக்கடையில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்:-

"ஏனுங்க, இது பர்மாவுங்களா?"

"சுத்தமான பர்மாங்க. முழுத் தடியா வந்து இறங்கி, மில்லிலே அறுத்ததுங்க."

சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் - எந்த ஊர்க் கடையிலும் கேட்கக்கூடிய பதில்தான். கேட்டவர் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு முன்பணம் கொடுப்பார்.

ஆனால் அந்தப் பதிலிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது.

அறுக்காத தேக்குத் தடி வெளிநாட்டுக்குப் போகக் கூடாது என்று பர்மா அரசு 2014-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் தடை போட்டுவிட்டது. அதன் பிறகு அங்கிருந்து முறைப்படி வருவது அறுத்த மரம்தான். முழுத் தடி அல்ல.

ஆகவே "பர்மா" என்ற சொல்லும் "முழுத் தடி" என்ற சொல்லும் சேர்ந்து வந்தால், கொஞ்சம் நின்று கேட்க வேண்டும்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பெயர் பர்மா, ஊர் ஆப்பிரிக்கா!

பர்மாவின் பெயர் 1989-ம் ஆண்டிலேயே மியான்மர் என்று மாறிவிட்டது. நம் ஊர் மரக்கடையில் மட்டும் பர்மா மாறவே இல்லை. செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்குத் தூண்களைப் பார்த்த கண்களுக்கு அந்தப் பெயரில் ஒரு மயக்கம் உண்டு.

இந்தியாவுக்கு வரும் தேக்கில் பெரும் பங்கு இன்று வேறு ஊர்களில் இருந்து வருகிறது. ஆப்பிரிக்காவில் கானா, தான்சானியா, பெனின். கடல் தாண்டி அந்தப் பக்கம் ஈக்வடார், கோஸ்டாரிகா, பனாமா, பிரேசில். எல்லாம் தோட்டம் போட்டு வளர்த்த தேக்கு.

இதைப் போலி மரம் என்று சொல்ல முடியாது. அதுவும் அசல் தேக்குதான். தாவர நூலில் "டெக்டோனா கிராண்டிஸ்" என்ற ஒரே பெயர்தான் இரண்டுக்கும்.

வித்தியாசம் வயதில் இருக்கிறது. காட்டு மரம் பல பத்தாண்டுகள் நின்று வைரம் பாய்ந்தது. தோட்டத்து மரத்தைப் பல இடங்களில் இளசாகவே வெட்டிவிடுகிறார்கள். அதில் வைரம் குறைவு, வெள்ளை அதிகம். வெள்ளைப் பகுதியைப் பூச்சி சுலபமாக அரிக்கும்.

விலை வித்தியாசமும் இதனால்தான். ஆப்பிரிக்கத் தேக்கை ஆப்பிரிக்கத் தேக்கு என்று சொல்லி, அதற்கு உரிய விலைக்கு விற்றால் யாருக்கும் நஷ்டம் இல்லை. பர்மா விலைக்கு விற்றால்தான் தகராறு.

துறைமுகத்தில் ஜாதகம்

எந்த நாட்டு மரம் என்பது துறைமுகத்தில் தெளிவாக எழுதப்படுகிறது. தூத்துக்குடியில் இறங்கினாலும் சரி, சென்னையில் இறங்கினாலும் சரி, சுங்க இலாகாவில் "பில் ஆப் என்ட்ரி" தாக்கல் செய்யாமல் ஒரு தடியும் வெளியே வராது.

என்ன மரம், எந்த நாடு, எவ்வளவு, என்ன மதிப்பு, என்ன எண் - எல்லாம் அதில் இருக்கும். அந்த மரத்துக்கு அதுதான் ஜாதகம்.

"எண்" என்பது சரக்கை வகை பிரிக்கும் எண். உலகத்தில் பெரும்பாலான நாடுகள் ஒரே வரிசையைத்தான் பின்பற்றுகின்றன. முழுத் தடிக்கு 4403. நீளவாக்கில் அறுத்து 6 மில்லி மீட்டருக்கு மேல் கனம் உள்ள பலகைக்கு 4407. அதற்கும் மெல்லிய தோலுக்கு 4408. ஒட்டுப் பலகைக்கு 4412. கதவாகவோ நிலையாகவோ செய்தே வந்தால் 4418.

தேக்குக்கு என்று 2022-ம் ஆண்டு முதல் தனி எண்ணே இருக்கிறது. தடி என்றால் 4403 42. அறுத்தது என்றால் 4407 23.

எண் மாறினால் வரி மாறும். தடிக்கு அடிப்படைச் சுங்க வரி நூற்றுக்கு 5. அறுத்த மரத்துக்கு 10. ரூ.50 லட்சம் மதிப்புள்ள சரக்கு என்றால், முதலாவதற்கு ரூ.2½ லட்சம், இரண்டாவதற்கு ரூ.5 லட்சம். இதர வரிகள் தனி.

இங்கேதான் வாக்குவாதம் வரும். கோடாலியாலோ ரம்பத்தாலோ நாலு பக்கமும் முரட்டுத்தனமாகச் சதுரித்த கட்டை, அங்கங்கே பட்டை ஒட்டிக்கொண்டு இருந்தால், அது இன்னும் தடிதான். அளவு பிசகாமல் அறுத்திருந்தால் அது பலகை. ஒரு பட்டைத் துணுக்குக்காக லட்சக்கணக்கில் வழக்கு நடக்கும்!

நாடு மாறினால் சலுகை

எந்த நாடு என்பதும் வெறும் தகவல் அல்ல. மியான்மர், மலேசியா முதலிய ஆசியான் நாடுகளோடு இந்தியா செய்துகொண்ட ஒப்பந்தம் 2010-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி அமலுக்கு வரத் தொடங்கியது. அந்த நாட்டில் விளைந்தது என்று சான்றிதழ் காட்டினால், ஒப்பந்தத்தில் உள்ள சரக்குக்கு வரிச் சலுகை கிடைக்கும்.

சலுகைக்காக ஊர் மாற்றிச் சொன்னால் என்ன செய்வது? அதற்காக 2020-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி முதல் புதிய விதிகள் வந்தன. சான்றிதழ் ஒன்றை நீட்டினால் மட்டும் போதாது. சரக்கு எங்கே விளைந்தது என்ற விவரத்தை இறக்குமதியாளர் கையில் வைத்திருக்க வேண்டும். 5 ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். பொய் சொன்னால் 1962-ம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி சரக்கைப் பறிமுதல் செய்யலாம், அபராதமும் உண்டு.

பூச்சி, நோய் இல்லை என்று விளைந்த நாட்டின் சான்றிதழும் வர வேண்டும்.

ரம்பம் பட்டதும் போச்சு!

இத்தனை காவலும் துறைமுக வாசலோடு சரி.

தடியின் தலைமாட்டில் பெயிண்டால் எழுதிய எண் இருக்கும். சுத்தியல் முத்திரை இருக்கும். சில தடிகளில் தகடு அடித்திருப்பார்கள். மில்லுக்குள் போனதும் இரண்டு முனைகளையும்தான் முதலில் கழிப்பார்கள். அடையாளம் மரத்தூளோடு போய்விடும்.

பிறகு வருவது வெறும் பலகை. அதில் எந்த ஊர் பெயரும் கிடையாது.

பொட்டலம் கட்டி வரும் வெளிநாட்டுச் சாமானில் எந்த நாடு என்று அச்சிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கன அடிக் கணக்கில் சில்லறையாக அறுத்துக் கொடுக்கும் மரத்துக்குப் பொட்டலம் ஏது?

இதில் ஒரு வேடிக்கை. வெளிநாட்டு இயந்திரம் வந்து இறங்கும் மலிவான பெட்டிக் கட்டையில் கோதுமைக் கதிர் முத்திரையும், நாட்டின் குறியும், பூச்சிக்கு என்ன பக்குவம் செய்தார்கள் என்பதும் சூடு போட்டிருக்கும். அது உலக விதி. அடுப்புக்குப் போகிற கட்டைக்கு முகவரி இருக்கிறது. தலைவாசலுக்குப் போகிற தேக்குக்கு இல்லை!

ஏமாறுவது வீட்டுக்காரர் மட்டும் அல்ல. அறுத்த மரத்தை வெளியூர் மில்லில் வாங்கி வந்து விற்கும் சிறு கடைக்காரரும் அவர்கள் சொன்ன வாய்ச்சொல்லை நம்பித்தான் "பர்மா" என்கிறார். தகராறு வந்தால் மாட்டிக்கொள்வது அவர்தான்.

என்ன கேட்க வேண்டும்?

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி போதும்.

ஒன்று: "பில்லில் மரத்தின் பெயரும் நாடும் எழுதித் தருவீங்களா?" வெறுமனே "மரம்" என்று எழுதிய பில் உதவாது. கடை பில்லில் 4407 என்று இருந்தாலும், அது பலகை என்றுதான் காட்டும், நாட்டைக் காட்டாது.

இரண்டு: "பில் ஆப் என்ட்ரி நகல் இருக்குதுங்களா?" அதில் 4403 என்றும் மியான்மர் என்றும் சேர்ந்து இருந்தால், 2014-க்கு முந்திய சரக்கா என்று தேதியைப் பாருங்கள்.

மூன்று: "வெள்ளை எவ்வளவு கழிப்பீங்க?" ஆசாரியை உடன் அழைத்துப் போனால் அவர் முனையைப் பார்த்தே வைரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்.

ஆனால் எந்த நாடு என்று எந்த ஆசாரியாலும் கண்ணால் பார்த்து அடித்துச் சொல்ல முடியாது. தேக்கா, வேறு மரமா என்ற சந்தேகம் என்றால், பெங்களூரில் உள்ள மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் துண்டைக் கொடுத்து இனம் தெரிந்துகொள்ளலாம்.

ஏமாந்தது தெரிந்தால், 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சரக்கைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது முறையற்ற வியாபாரம். 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் கமிஷனில் மனு கொடுக்கலாம். கொடுத்த பணம் ரூ.5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

ஆனால் அங்கேயும் முதலில் கேட்பது பில்தான். "வாயால் சொன்னாருங்க" என்றால் எடுபடுவது கஷ்டம்.

நிலைக்கு மஞ்சள், குங்குமம் வைத்து நிறுத்தி, மேலே சுவரும் எழுப்பிய பிறகு மரத்தைக் கழற்ற முடியாது. அதற்கு முன்னால் பில்லைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.