கொசுவின் குலவரிசை



உயிர்களுக்குப் பெயர் சூட்டுவதும் வகை பிரிப்பதும் பொழுது போகாதவர் வேலை என்று எண்ணுவோர் உண்டு. பூச்சியியல் நூலைப் புரட்டும் மாணவனுக்கும், "இத்தனை பெயர்கள் எதற்கு?" என்னும் ஐயம் எழுவது இயல்பே. ஒரு பூச்சியைச் சரியாக இனங்காண்பதில் மனித உயிரே அடங்கியிருக்கக்கூடும் என்பதை, நாம் நன்கறிந்த கொசுவைக் கொண்டே விளக்க முயல்கிறேன்.

கொசுவும் ஈயின் உறவே. தட்டாம்பூச்சிக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் சிறகுகள் நான்கு. ஈக்கும் கொசுவுக்கும் இரண்டே. பின்சிறகுகள் இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசி போன்ற இரு சிறு உறுப்புகள் உள்ளன. பறக்கும்போது நிலை தடுமாறாமல் அவை காக்கின்றன. ஆகவே இவ்விரண்டையும் இருசிறகிகள் என்னும் வரிசையில் அறிஞர் சேர்த்தனர். வரிசைக்குள் குடும்பம், குடும்பத்துக்குள் பேரினம், பேரினத்துக்குள் சிற்றினம் என்று படிப்படியாக இறங்குவதே வகைப்பாட்டு முறை. மாவட்டம், வட்டம், ஊர், தெரு என்று முகவரி எழுதுவதைப் போன்றது இது.

கொசுக் குடும்பத்துப் பேரினங்களுள் ஒன்று அனாபிலிஸ். 1818-ஆம் ஆண்டில் மைகன் என்னும் ஜெர்மானிய அறிஞர் இப்பெயரை இட்டார். இக்கொசு சுவரில் அமரும்போது பெரும்பாலும் தலை தாழ்ந்து, வால்புறம் உயர்ந்து, சாய்வாக நிற்கும். இதன் புழு நீர்மட்டத்தை ஒட்டிக் கிடையாகப் படுத்திருக்கும். கியூலெக்ஸ் கொசுவின் புழுவோ மூச்சுக்குழலை நீர்ப்பரப்பில் பொருத்தித் தலைகீழாகத் தொங்கும்.

இந்த வேறுபாட்டின் அருமை 1897-இல் புலனாயிற்று. செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர், மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலில் தேடிக்கொண்டிருந்தார். வேறு வகைக் கொசுக்களைப் பலகாலம் அறுத்துப் பார்த்தும் பயனில்லை. ஆகஸ்டு 20-ஆம் நாள், சிறகில் புள்ளிகளுடைய ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் கிருமி காட்சியளித்தது. அது அனாபிலிஸ் வகை. "கொசு" என்ற பொதுச்சொல் போதாது, "எந்தக் கொசு?" என்று கேட்கவேண்டும் என்பது அன்று தெளிவாயிற்று.

பேரினத்தை அறிந்தாலும் போதாது. அனாபிலிஸில் நானூற்றுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. அவற்றுள் சிலவே மலேரியாவைப் பரப்பும். இந்திய நாட்டுப்புறங்களில் அந்நோயைப் பரப்புவதில் முதன்மையானது அனாபிலிஸ் கியூலிசிபேசிஸ். 1901-இல் கைல்ஸ் என்பவர் இதற்குப் பெயரிட்டார். கியூலெக்ஸின் தோற்றமுடையது என்பதே பெயரின் பொருள்.

ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் இது ஒரே இனமென்றே கருதப்பட்டது. 1980-இல் இதன் குரோமோசோம்களில் காணும் பட்டைகளை ஆராய்ந்தபோது, ஒரே உருவத்துக்குள் தம்முள் கலவாத இரண்டு இனங்கள் மறைந்திருப்பது தெரிந்தது. அவற்றுக்கு 'ஏ', 'பி' என்று பெயரிட்டனர். பின்னர் 'சி', 'டி' என்பனவும் சேர்ந்தன. இவற்றுள் 'பி' பெரிதும் கால்நடைகளின் இரத்தத்தையே நாடுவது. மலேரியாவைப் பரப்புவதில் வலிமை குன்றியது.

இங்கேதான் இராமேசுவரம் ஒரு புதிர் போட்டது. பட்டைகளைக் கொண்டு பார்த்தால் அத்தீவில் இருந்தது 'பி' மட்டுமே. ஆயினும் அங்கே மலேரியா பரவியது. தீங்கு குறைந்த கொசு நோயை எவ்வாறு பரப்பியது?

விடை கொசுவின் மகனிடம் கிடைத்தது. 'ஒய்' குரோமோசோம் ஆணுக்கே உரியது. பெண் கொசுவில் அதைக் காண இயலாது. ஆகவே, பிடிபட்ட பெண் கொசுக்களை முட்டையிடச் செய்து, பிறந்த ஆண்களின் 'ஒய்' குரோமோசோமை ஆராய்ந்தனர். அது இரு வடிவங்களில் காணப்பட்டது. மலேரியாக் கிருமியைச் சுமந்த தாய்க்கொசுக்களின் ஆண் மக்களிடமோ அவ்விரண்டுள் ஒரு வடிவமே இருந்தது. ஒரே பட்டைகளைக் காட்டி இரண்டு இனங்கள் அருகருகே வாழ்ந்திருந்தன! நோய் பரப்பிய இனத்துக்கு 'இ' என்று 1999-இல் பெயர் சூட்டப்பட்டது.

இதன் பயனைச் சிந்தியுங்கள். இரண்டையும் 'பி' என்றே எண்ணியிருந்தால், ஆபத்தான கொசு சாதுவின் பெயரில் உலவியிருக்கும். மாறாக இரண்டையும் பகையென்று கொண்டால், மருந்தும் உழைப்பும் வேண்டாத இடத்தில் வீணாகும்.

நம் சென்னை நகருக்கு வருவோம். இங்கே மலேரியாவைப் பரப்புவது வேறொரு சிற்றினம். அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்பது அதன் பெயர். கிணற்று நீரும் மாடித் தொட்டி நீரும் அதற்குப் பிறப்பிடம். இந்தக் கொசு 2012-இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் காணப்பட்டது. பின்னர் அண்டை நாடுகளிலும் தென்பட்டது. சிற்றூர்களின் கொசுக்களோடு போராடிப் பழகிய அந்நாடுகள், நகரத்து நீர்த்தொட்டிகளில் வளரும் இப்புதிய விருந்தாளியை இனங்கண்டு தடுக்கவேண்டியவை ஆயின.

ஆதம்பாக்கத்து வீடாயினும் மயிலாப்பூர் வீடாயினும், மூடாத தொட்டியில் ஒரு கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள். புழு கிடையாகப் படுத்திருக்கிறதா, தலைகீழாகத் தொங்குகிறதா என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, இறுக மூடுங்கள். வகைப்பாட்டு நூலின் முதற் பாடத்தை அங்கேயே கற்றவராவீர்கள்.