ரத்தம் யார் கொடுக்கலாம்?



பிரசவத்தில் உதிரப்போக்கு அதிகமானால் தாயின் உயிருக்கே ஆபத்து. அந்த நேரத்தில் ஊசி மருந்து மட்டும் போதாது, ரத்தம் வேண்டும். ரத்தத்தை எந்த ஆலையிலும் தயாரிக்க முடியாது. மனிதருக்கு மனிதர்தான் கொடுக்க வேண்டும்.

யார் கொடுக்கலாம்?

வயது 18 முதல் 65 வரை. எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஹீமோகுளோபின் 12.5 கிராமாவது இருக்க வேண்டும். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். கர்ப்பிணிகளும், பிரசவமாகி ஒரு வருஷம் ஆகாதவர்களும், பால் கொடுக்கும் தாய்மார்களும் பொறுத்திருக்க வேண்டும்.

ஏன் இத்தனை கேள்வி?

எடுத்த ரத்தத்தை எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள், மேகநோய், மலேரியாவுக்குச் சோதிக்கிறார்கள். ஆனால் கிருமி தொற்றிய ஆரம்ப நாட்களில் சோதனையில் தெரியாமல் போகலாம். அதனால்தான் கேள்வி கேட்கிறார்கள்.

திருநங்கையர் கொடுக்கலாமா?

"அக்கா மகளுக்கு ரத்தம் வேணுமாம், நான் கொடுத்தா எடுத்துக்குவாங்களா?" என்று ஒரு திருநங்கை கேட்டால் என்ன பதில்? 2017-இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் திருநங்கையரையும், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களையும் நிரந்தரமாக விலக்கின. இவர்களிடையே நோய்த்தொற்று அதிகம் என்பது அரசு சொன்ன காரணம். மணிப்பூரைச் சேர்ந்த திருநங்கை சாந்தா குராய் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2021-இல் உச்ச நீதிமன்றம் அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஒரு பிரிவினர் முழுவதையும் ஆபத்தானவர்கள் என்று முத்திரை குத்தலாமா, நிபுணர்களைக் கலந்து சொல்லுங்கள் என்று 2025 மே மாதம் அதே நீதிமன்றம் கேட்டது.

இங்கிலாந்தில் 2021-லும் அமெரிக்காவில் 2023-லும் விதியை மாற்றினார்கள். "நீ யார்?" என்பதை விட்டு, "சமீபத்தில் புதிய உறவு உண்டா? பலரோடு உறவு உண்டா?" என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கிறார்கள்.

இதில் நமக்கும் பாடம் உண்டு. "நான் கல்யாணம் ஆனவன், எனக்கென்ன?" என்று எந்தக் கணவரும் மறைக்கக் கூடாது. கிருமி தாலியைப் பார்ப்பதில்லை, நடத்தையைத்தான் பார்க்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

கர்ப்பம் தரித்ததுமே ரத்த வகையைத் தெரிந்து கொள்ளுங்கள். கொடுக்கக்கூடிய இருவரை முன்கூட்டியே பேசி வையுங்கள். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு வரும் நாளில், திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ரத்த வங்கிக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.

உண்மை சொல்வீர்! உதிரம் கொடுப்பீர்! தாயைக் காப்பீர்!