எங்கள் வீட்டு உச்சியில் ஒரு ரேடியேட்டர்!

கத்திரி வெயிலில் நம் திருச்சி 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. ஆனால் இரவு பத்து மணிக்கும் வீட்டுக்குள் அனல் அடிக்கிறதே, அது ஏன்?

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் எங்கள் வீடு கீற்றுக் கொட்டகையாகத்தான் இருந்தது. கொத்தனாரான என் அப்பா ஊருக்கெல்லாம் தளம் போட்டுவிட்டு, கடைசியில் எங்களுக்கும் பத்துக்குப் பத்தில் ஒரு கான்கிரீட் அறை கட்டினார். நான் படிப்பதற்கென்றே கட்டிய அறை. மே மாதம் அதில் உட்காரவே முடியவில்லை. அப்பா வாசலில் படுத்தார். "கீத்துலயே நல்லாத்தானேடா இருந்துச்சு. படிக்கிறவன் நீதான் சொல்லேன்" என்றார் அம்மா. சொல்லியாக வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது!

குளிர் நாடுகளில் அறைக்குள் தாழ்வாக, வெந்நீர் ஓடும் ரேடியேட்டர் வைக்கிறார்கள். பெயர்தான் கதிர்வீச்சு, அதன் வெப்பத்தில் பெரும்பங்கு காற்று சூடாகி மேலெழும்புவதால்தான் பரவுகிறது. நம் தளமோ தலைக்கு மேலே இருக்கிறது. சூடான காற்று உச்சியிலேயே தங்கிவிடும், இறங்காது. ஆகவே தளம் பெரும்பாலும் கதிர்வீச்சாகவே வெப்பத்தை நம்மேல் இறக்குகிறது. பெயருக்கேற்ற ரேடியேட்டர் நம்முடையதுதான்!

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4 அங்குலக் கனத்துக்கு எங்கள் தளத்தின் எடை ஏறக்குறைய 2,250 கிலோ. அது 10 டிகிரி ஆறுவதற்குள் விடும் வெப்பம் சுமார் 20,000 கிலோ ஜூல். கரண்ட் கணக்கில் ஐந்தரை யூனிட். தளத்தின் அடிப்புறம் 45 டிகிரி, சுவரும் தரையும் 35 டிகிரி என்றால் ஸ்டீபன்-போல்ட்ஸ்மேன் விதிப்படி இறங்குவது 600 வாட்டுக்குக் கிட்டே. நூறு வாட் பல்பு ஆறை எரியவிட்டு அடியில் படுத்த மாதிரி! ஃபேன் போட்டால் வியர்வை காயும், சரி. உச்சியில் தங்கிய சூட்டுக் காற்றைக் கீழே தள்ளுவதும் அதுதான்.

கீற்றில் கனமில்லை, பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். உத்திர வீதிப் பக்கத்துப் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்பும் கனமாக இருப்பதால் வெயில் உள்ளே இறங்க வெகுநேரம் பிடிக்கும். எங்கள் தளத்துக்கும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிக்க வேண்டும். அப்பாவுக்கு இது புத்தகம் படிக்காமலே தெரியும். பணம்தான் இல்லை.

ஒரு லிட்டர் நீர் ஆவியாக சுமார் 2,400 கிலோ ஜூல் வேண்டும். அப்படியானால் அந்த 20,000-ஐ எடுக்கக் கணக்குப்படி ஒன்பது லிட்டர் போதும்! நீர் காற்றின் சூட்டையும் சேர்த்து எடுக்கும் என்பதால் இரண்டு குடம் வைத்துக்கொண்டேன். சும்மா ஊற்றினால் குழாய் வழியே ஓடிவிடும். தங்கி ஆவியாக வேண்டும். எனவே தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, சாயந்திரம் சணல் சாக்கு விரித்து நனைத்தேன்.

அப்பா மேலே ஏறி வந்து பார்த்தார். "புதுத் தளத்துக்கு நாங்க சாக்கு நனைச்சுப் போடுறதுதானேடா இது" என்று சிரித்தார். அன்று இரவு பாயை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து படுத்தார்.