சத்துணவுப் பாடம் தட்டில் ஏறியதா?

புது தில்லி: குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாட்டைப் போக்க, "போஷன் அபியான்" திட்டத்தை மத்திய அரசு 2018 மார்ச் 8-ல் ராஜஸ்தானின் ஜுன்ஜுனுவில் தொடங்கியது. அங்கன்வாடிகள் மூலம் ஏழைத் தாய்மார்களுக்கு உணவு குறித்து எடுத்துரைப்பது அதன் முக்கிய அங்கம்.

இதன் பலனை எப்படி அளப்பது? நடந்த கூட்டங்களையும் வந்தவர்களையும் எண்ணுவது எளிது. குழந்தையின் தட்டில் என்ன மாறியது என்பதே உண்மையான அளவுகோல். தேசிய குடும்பநல ஆய்வின்படி, 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதிய உணவு பெறுவோர் 2015-16-ல் 9.6 சதவீதம், 2019-21-ல் 11.3 சதவீதம் மட்டுமே. ஐந்து வயதுக்கு உள்பட்டோரிடையே ரத்தசோகையோ 58.6-லிருந்து 67.1 சதவீதமாக உயர்ந்தது.

அதற்காகப் போதனை வீண் என்றாகிவிடாது. ஜார்க்கண்ட், ஒடிசா கிராமங்களில் பெண்கள் குழுக் கூட்டங்களும் வீடு தேடிச் சென்று வழங்கிய ஆலோசனையும் பிற கிராமங்களுடன் ஒப்பிட்டு ஆராயப்பட்டன. 2017-ல் வெளியான முடிவுகளின்படி, குழந்தைகளின் உணவில் வகைகள் கூடின; உயர வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

அறிவுரை பழக்கத்தை மாற்றும், வறுமையை மாற்றாது. 2013-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ரேஷனில் முன்னுரிமைக் குடும்பங்களுக்கு உறுதி செய்வது, நபருக்கு மாதம் 5 கிலோ தானியம். பருப்பும் முட்டையும் அதில் இல்லை. உண்ணச் சொல்லும் அரசு, அவை எட்டும் விலையில் கிடைக்கின்றனவா என்பதையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும்.