கடலூர் – சிதம்பரம் நான்கு வழிச்சாலை: எந்த வண்டி எவ்வளவு வேகத்துல போகலாம்? 100-ல போனா எவ்வளவு நேரம் மிச்சம்?

விழுப்புரம் – நாகப்பட்டினம் நான்கு வழிச்சாலைத் திட்டத்துல கடலூர் – சிதம்பரம் இடையிலான பயணம் ரொம்பவே மாறிடுச்சு. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியா பழைய ரோட்டுல பஸ்ஸுக்குப் பின்னாடி ஊர்ந்து போனவங்க, இப்போ அகலமான ரோட்டைப் பார்த்ததும் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறாங்க. ஆனா இந்த ரோட்டுல சட்டப்படி எவ்வளவு வேகம் போகலாம்? அந்த வேகத்துல போறது பாதுகாப்பானதா? பார்க்கலாம்.

சட்டம் சொல்லும் வேகம் என்ன?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2018 ஏப்ரல் 6-ம் தேதி வெளியிட்ட அறிவிப்பின்படி, நடுவில் தடுப்பு உள்ள நான்கு வழிச்சாலைகளில் மணிக்கு அதிகபட்ச வேகம் இதுதான்:

• கார்: 100 கி.மீ.
• பஸ், பெரிய வேன்: 90 கி.மீ.
• லாரி உள்ளிட்ட சரக்கு வாகனங்கள்: 80 கி.மீ.
• பைக்: 80 கி.மீ.
• ஆட்டோ: 50 கி.மீ.

நடுவில் தடுப்பு இல்லாத சாதாரண ரோட்டுக்கு வந்துட்டா இந்தக் கணக்கு மாறும். அங்கே காருக்கு 70, பஸ், லாரி, பைக்குக்கு 60 தான். நான்கு வழிச்சாலையை விட்டு ஊருக்குள்ள இறங்கும்போது பலரும் கவனிக்காத விஷயம் இது. 100-ல வந்து பழகின காலுக்கு 70-ங்கிறது மெதுவாகப் போற மாதிரிதான் தோணும். அதனால ஸ்பீடோமீட்டரைப் பார்த்துத்தான் வேகத்தைக் குறைக்கணும்.

இன்னொண்ணு, மோட்டார் வாகனச் சட்டம் 112-வது பிரிவின்படி, பொதுமக்கள் பாதுகாப்புக்காக எந்த இடத்திலும் இந்த வேகத்தைக் குறைக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. ரோட்டோரத்தில் சிவப்பு வட்டத்துக்குள்ள 60-னு போர்டு இருந்தா, அந்த இடத்துல 60 தான் சட்டம். 'நான்கு வழிச்சாலையில 100 போகலாமே'னு வாதாட முடியாது.

இது எக்ஸ்பிரஸ்வே இல்லையா?

இல்லை. இங்கேதான் பலரும் தப்புக்கணக்கு போடுறாங்க. எக்ஸ்பிரஸ்வேயில் குறிப்பிட்ட இடங்களில் மட்டும்தான் வாகனங்கள் உள்ளே வரவும் வெளியே போகவும் முடியும். குறுக்கே யாரும் வர முடியாது. அதனாலதான் அங்கே காருக்கு 120 வரை அனுமதி.

கடலூர் – சிதம்பரம் ரோடு அப்படி இல்லை. ரெண்டு பக்கமும் ஊர், வயல். பஸ் பிடிக்க ஆட்கள் குறுக்கே நடப்பாங்க. அடுத்த திருப்பம் தூரமா இருக்குன்னு எதிர்த்திசையிலேயே பைக் வரும். சம்பா அறுவடை முடிஞ்சா டிராக்டர் நடமாட்டம், ரோட்டோரத்துல காயும் நெல். இங்கே 100-ங்கிறது, ரோடு காலியா, வெளிச்சமா, காய்ஞ்சு இருக்கும்போது தாண்டக்கூடாத உச்சவரம்பு. எல்லா நேரமும் எட்டிப் பிடிக்க வேண்டிய வேகம் கிடையாது.

வேகமாப் போனா எவ்வளவு நேரம் மிச்சம்?

கடலூரில் இருந்து சிதம்பரம் சுமார் 45 கி.மீ. எங்கேயும் நிக்காம 100-ல போனா 27 நிமிடம். 80-ல போனா 34 நிமிடம். வித்தியாசம் 7 நிமிடம்கூட முழுசா இல்லை. அதுவும் நடுவுல ஒரு டோல்கேட் வரிசை, ஒரு டீக்கடை வந்தா காணாமப் போயிடும்.

பிரேக் அடிச்சா எங்கே நிற்கும்?

இப்போ மறுபக்கக் கணக்கு. திடீர்னு ஒருத்தர் குறுக்கே வர்றார். அதைப் பார்த்து, மூளை புரிஞ்சுகிட்டு, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகும்னு வச்சுக்குவோம். நல்ல பிரேக், காய்ஞ்ச ரோடு.

• 80-ல போற கார்: அந்த ஒரு நொடியில 22 மீட்டர் ஓடும். பிரேக் பிடிச்ச பிறகு இன்னும் 35 மீட்டர். மொத்தம் சுமார் 57 மீட்டர்.
• 100-ல போற கார்: ஒரு நொடியில 28 மீட்டர். பிறகு 55 மீட்டர். மொத்தம் சுமார் 83 மீட்டர்.

இதை இன்னொரு விதமா பாருங்க. 80-ல வந்த கார் முழுசா நின்ன அதே இடத்தை, 100-ல வந்த கார் கிட்டத்தட்ட 68 கி.மீ. வேகத்தோட கடக்கும். அந்த இடத்துல ஒரு ஆள் நின்னா, 80-ல வந்தவருக்கு அது ஒரு பதற்றத்தோட முடியும். 100-ல வந்தவர் 68 கி.மீ. வேகத்துல மோதுவார். பிரேக் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடுறதுதான் காரணம். வேகம் இரண்டு மடங்கானா, பிரேக் தூரம் நான்கு மடங்கு.

ஐப்பசி, கார்த்திகை மழையில ரோடு நனைஞ்சிருந்தா இந்தத் தூரம் இன்னும் கூடும். கண் செல்போனுக்குப் போனா அந்த ஒரு நொடி மூணு நொடியாகும். அதாவது 100-ல போகும்போது 80 மீட்டருக்கு மேல கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுற மாதிரி.

அபராதம் எவ்வளவு?

மோட்டார் வாகனச் சட்டம் 183-வது பிரிவின்படி, வேக வரம்பைத் தாண்டினா கார் போன்ற இலகுரக வாகனங்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை, பஸ், லாரிக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரை அபராதம். திரும்பவும் சிக்கினா ஓட்டுநர் உரிமமே பறிமுதல் ஆகலாம். போலீஸ் கை காட்டி நிறுத்தணும்னு அவசியமில்லை. கேமராவில் பதிவானாலே இ-சலான் செல்போனுக்கு வந்துடும்.

ஆனா பெரிய இழப்பு அபராதம் இல்லை. மத்திய அரசின் அறிக்கைப்படி, 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். நாட்டிலேயே இதுதான் அதிக எண்ணிக்கை. உயிரிழந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுக்க நடந்த சாலை விபத்து மரணங்களில் 71 சதவீதத்துக்கு அதிவேகமே காரணம்னு சொல்கிறது அந்த அறிக்கை. இறந்தவர்களில் 44 சதவீதத்துக்கும் மேல் டூவீலரில் வந்தவர்கள்.

இந்த ரோட்டுல ஓட்டுறவங்க கவனிக்க வேண்டியவை

• இடது பக்கப் பாதைதான் வழக்கமாகப் போகும் பாதை. வலது பக்கம் முந்துறதுக்கு மட்டும். முந்தினதும் இடதுக்கு வந்துடுங்க.
• முன்னாடி போற வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டினதும் மூணு நொடி எண்ணுங்க. அதுக்கு முன்னாடியே நீங்க அந்தக் கம்பத்தைத் தாண்டினா ரொம்ப நெருக்கமா போறீங்கன்னு அர்த்தம். மழைன்னா இடைவெளியைக் கூட்டுங்க.
• நடுத்தடுப்பில் இடைவெளி, பஸ் ஸ்டாப், ஊர்ப் பெயர்ப் பலகை தெரிஞ்சா, ஆள் தெரியாட்டியும் ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுங்க.
• ராத்திரியில ஹெட்லைட் வெளிச்சம் எவ்வளவு தூரம் தெரியுதோ, அதுக்குள்ள வண்டியை நிறுத்த முடியுற வேகத்துலதான் போகணும்.
• பைக்கில் போறவங்க, ஒரு கிலோமீட்டர் சுத்தினாலும் எதிர்த்திசையில் வராதீங்க. எதிரே வர்ற கார் உங்களைப் பார்த்துட்டாலும் உடனே நிற்காது.
• பின் சீட்டில் உட்கார்றவங்களுக்கும் சீட் பெல்ட் கட்டாயம். பைக்கில் பின்னாடி இருக்கிறவங்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

விபத்தைப் பார்த்தா என்ன செய்யணும்?

உடனே 108-க்குப் போன் பண்ணுங்க. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. 'உதவி செஞ்சா போலீஸ், கோர்ட்னு அலையணும்'னு பயப்பட வேண்டாம். நல்லெண்ணத்தோட உதவுறவங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு பாதுகாப்பு தருது. விருப்பம் இல்லைன்னா பெயரைக்கூட சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் காயமடைஞ்சவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை, திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் இலவசம். கையில பணம் இல்லையேன்னு யாரையும் ரோட்டில் காத்திருக்க வைக்காதீங்க.