புதிய திட்டம் வரும்போது உங்கள் வீதியில் என்ன மாறும்?

மீள்குடியேறிய கிராமங்களில் வீடமைப்பு, வீதித் திருத்தம், குளப் புனரமைப்பு, பாடசாலைக் கட்டடம் எனப் பல வேலைகள் ஒரே காலத்தில் நடைபெறுகின்றன. இவை நமக்குத் தேவையான வேலைகள். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் கல், மணல், கிரவல், சீமெந்து ஏற்றிய வாகனங்கள் உங்கள் வீதியால்தான் வந்துபோகும். முகாமில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வேகமாக வாகனங்கள் ஓடும் வீதி பழக்கமில்லை. பெரியவர்கள் இடம்பெயர முன்னர் அறிந்திருந்த வீதியும் இன்று அதே வீதியாக இல்லை.

வடக்கு ரயில் பாதை இதற்கு நல்ல உதாரணம். 1990இல் யாழ்ப்பாணத்திற்கான ரயில் சேவை நின்றது. தண்டவாளங்கள் இல்லாமற்போன பின் மக்கள் அந்த மேட்டினால் நடந்தும் சைக்கிளில் சென்றும் பழகினார்கள். பின்னர் பாதை மீண்டும் அமைக்கப்பட்டு, 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்திற்கும் ரயில் வந்தது. படலை இல்லாத கடவைகளில் நின்று, இரு பக்கமும் பார்த்து, காது கொடுத்துக் கேட்ட பின்னரே கடக்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு நேரில் அழைத்துச் சென்று காட்டுங்கள்.

எத்தனை வாகனம் வரும்?

இதை நீங்களே கணக்கிடலாம். ஒரு வேலைக்கு 300 கியூப் கிரவல் தேவை என்றும், ஒரு டிப்பர் 3 கியூப் ஏற்றும் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் 100 லோட் வரவேண்டும். வருவதும் திரும்புவதுமாக 200 தடவை டிப்பர் உங்கள் வீட்டைக் கடக்கும். வேலை 10 நாளில் முடிந்தால் நாளொன்றுக்கு 20 தடவை. அதாவது 8 மணி நேர வேலை நாளில் ஏறத்தாழ 24 நிமிடத்திற்கு ஒரு தடவை. அதே வேலையை 5 நாளில் முடித்தால் 12 நிமிடத்திற்கு ஒரு தடவை.

வேலை தொடங்க முன்னரே இன்றைய நிலையையும் எண்ணி வையுங்கள். காலை 7 முதல் 8 மணி வரையும், பாடசாலை விடும் நேரத்திலும் இருவர் சந்தியில் இருந்து நடப்போர், சைக்கிள், மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, உழவு இயந்திரம், பஸ், டிப்பர் என்று தனித்தனியாகக் கோடு போட்டு எண்ணினால் போதும். சந்தை நாளில் ஒரு தடவையும் சாதாரண நாளில் ஒரு தடவையும் எண்ணுங்கள். பின்னர் நிலைமை மாறினால் காட்டுவதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்கும்.

எதைப் பார்க்க வேண்டும்?

• பிள்ளைகள் வீதியைக் கடக்கும் இடம் எது? வளைவோ பற்றையோ மறைக்கிறதா? மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடிவிடும்.
• வாகனத்திற்கு வழிவிட்டு ஒதுங்கும் இடம் பாதுகாப்பானதா? மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கத்தில் வீதியை விட்டு ஒருபோதும் இறங்கக் கூடாது. அப்படியான இடத்தில் ஒதுங்க இடமில்லை என்பதை வேலை தொடங்க முன்னரே அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள்.
• பாரமான வாகனத்தை மதகு தாங்குமா?
• வீதி உயர்த்தப்பட்டால் மழைநீர் உங்கள் வளவுக்குள் வருமா?
• தூசி கிணற்றிலும் வீட்டிலும் படியுமா?

யாரிடம் கேட்பது?

முதலில் கிராம உத்தியோகத்தரிடமும் கிராம அபிவிருத்திச் சங்கத்திடமும் பேசுங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்திற்கும், ஊர் ஒழுங்கைகள் பெரும்பாலும் பிரதேச சபைக்கும் உரியவை. எந்த வீதி யாருக்குரியது என்று தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தில் கேட்கலாம்.

பெரிய திட்டமொன்றிற்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கப்பட்டால், அதைப் பொதுமக்கள் பார்த்து எழுத்தில் கருத்துக் கூற 30 வேலை நாட்கள் உண்டு. போக்குவரத்துப் பற்றிய கருத்தையும் அதில் சேர்க்கலாம். சிறிய வேலைகளுக்கு இந்த நடைமுறை இல்லை. அதனால் அவற்றைப் பற்றி ஊரவர்தான் கேட்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், திட்டத்தின் விபரங்களைத் தமிழிலேயே கேட்கலாம். எழுத முடியாதவர்கள் தகவல் அலுவலரிடம் வாயால் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

வேலையை நிறுத்தும்படி கேட்கத் தேவையில்லை. பாடசாலை நேரத்தில் டிப்பர் ஓடாதிருத்தல், லோட்டைத் தறப்பாளால் மூடுதல், நாளுக்கு இரு தடவை தண்ணீர் தெளித்தல், சந்தியில் கொடியுடன் ஒருவரை நிறுத்துதல், வேலை முடிந்ததும் உடைந்த ஒழுங்கையையும் மதகையையும் திருத்தித் தருதல் ஆகியவற்றைக் கேளுங்கள். ஒப்பந்தகாரர் ஒத்துக்கொண்டவற்றைத் திகதியுடன் எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்டு, ஒரு பிரதியைச் சங்கச் செயலாளரிடம் வையுங்கள். விபத்து நடந்தால் 1990 இலக்கத்திற்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். பொலிசின் அவசர இலக்கம் 119.